பின் அச்சுக்கு இரண்டு பலூன்

1

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏர் பேக் என்றதும், வண்டி மோதினால் ஸ்டியரிங்கிலிருந்து புஸ்ஸென்று கிளம்பி வருமே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் சொல்வது வேறு. வண்டியின் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில் மாட்டுகிற கறுப்பு ரப்பர் பை. காற்றடித்தால் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கும். நம் ஊர் பஸ் மெக்கானிக்குகள் இதைப் பலூன் என்பார்கள். அப்படி இரண்டு பலூன்களை என் பிக்கப் வண்டிக்கு நானே மாட்டினேன். மூன்று சனிக்கிழமை அதற்கே போயிற்று. படித்துவிட்டுச் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் கடலூர் செம்மண்டலத்துக்காரன். நெய்வேலியில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்த மார்கழியோடு பதினான்கு வருஷம். சின்ன ஊர். திரும்பின பக்கமெல்லாம் கோதுமை. தானியக் கிடங்கில் வேலை. என் வீட்டிலிருந்து தார் ரோட்டைத் தொடவே பதினெட்டு கிலோமீட்டர் ஜல்லி ரோட்டில் போக வேண்டும். அதில் போனால் வாயில் இருக்கிற பல்லெல்லாம் தனித்தனியாகப் பேசும்.

என் மனைவி செல்வி சிதம்பரத்துக்காரி. போன வசந்தத்தில் அவளுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. தண்டுவடத்துக்குப் பக்கத்தில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு வியாழக்கிழமைதோறும் நகரத்துக்குப் போய் பிசியோதெரபி எடுக்க வேண்டும். என் பிக்கப்பில்தான் போவோம். ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். பேச மாட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்.

“ஏங்க, எனக்கு ஒரு டிக்கெட் போட்டுடுங்க. ஆருத்ரா தரிசனத்துக்கு ஊருக்குப் போறேன்.”

“போய்ட்டு வாயேன். திரும்பி வர்றதுக்கு எந்தத் தேதி போட?”

“போறதுக்கு மட்டும் போடுங்க.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் என்று கேட்டேன். “வண்டியில போய்ட்டு வர என்னால முடியல. தனசேகர் மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கான். அங்க ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளி,” என்றாள். தனசேகர் அவள் தம்பி, என் மச்சான். சிதம்பரம் பைபாஸில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான்.

வண்டியில் போக முடியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பாடா, என்னைப் பிடிக்காமல் போகவில்லை, இந்த நாட்டைப் பிடிக்காமல் போகவில்லை, ரோட்டின் குலுக்கல்தான் பிரச்சினை. குலுக்கலை நிறுத்திவிட்டால் இருந்துவிடுவாள். ஒரு எலக்ட்ரீஷியனுக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? ரிப்பேர் செய்யக்கூடிய பிரச்சினை!

2

எங்கள் கல்யாணமான புதிதில் சிதம்பரத்திலிருந்து சென்னைக்கு ஒரு பஸ்ஸில் போனோம். முன் கண்ணாடியில் ‘ஏர் பஸ்’ என்று பட்டையடித்து எழுதியிருந்தது. அந்தக் காலத்தில் அது ஒரு கௌரவம். கண்டக்டர் ஏறுகிற ஆட்களிடமெல்லாம், “ஏர் பஸ்ஸு சார், தண்ணி டம்ளர கைல வெச்சுக்கிட்டே போலாம், சிந்தாது,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். டம்ளரை யாரும் வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் செல்வி புதுச்சேரி தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் தோளை அசைக்காமல் சென்னை வரை உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது என் கை மரத்துப்போயிருந்தது.

நம் ஊர்க்காரன் மண்டையில் ஏர் என்றால் மெத்தை என்று பதிந்துவிட்டது. அதனால் இங்கே ஒரு உதிரிபாகக் கடையின் விளம்பரத்தில், பிக்கப் வண்டியின் பின் சஸ்பென்ஷனுக்கு ஏர் பேக் என்று பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. பாரம் ஏற்றுபவர்களுக்கும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் என்று கீழே எழுதியிருந்ததாம். பிறகுதான் படித்தேன். அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் கார்த்திக் கால்கரியிலிருந்து பேசினான். பத்து வயதில் எங்களோடு வந்தவன். இப்போது அவன் பேசுகிற தமிழில் அம்மா, அப்பா, சாப்பாடு மூன்றும்தான் முழுசாக இருக்கின்றன. போன மாதம் ஏதோ விண்ணப்பம் நிரப்பும்போது, “அப்பா, நான் பொறந்தது கடலூரா, சிதம்பரமா?” என்று கேட்டான். அதற்கே எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. விஷயத்தைச் சொன்னதும், “அப்பா, அந்த டிரக்க வித்துட்டு ஒரு கார் வாங்குங்க, சிம்பிள்,” என்றான்.

“இந்த ஊரு பனியில காரு மாட்டிக்கும்டா.”

“அப்ப அம்மாவப் போக விடுங்க. ஏன் போர்ஸ் பண்றீங்க?”

போனை வைத்துவிட்டேன். பெற்ற தாயை ‘போக விடுங்க’ என்கிறானே என்று வந்த கோபத்தில், அவன் சொன்ன முதல் பாதியை யோசிக்கவே இல்லை.

3

பெட்டி வந்து சேர்ந்தது. பிரிப்பதற்கு முன் லைசென்ஸ் ஆபீஸுக்குப் போனேன். வண்டியில் ஏதாவது மாற்றினால் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாமல் ரோட்டில் ஓட்ட முடியுமா? வண்டிப் பத்திரம், பலூன் வாங்கிய பில், மாட்டுகிற முறை எழுதிய புத்தகம், எல்லாவற்றுக்கும் இரண்டு இரண்டு ஜெராக்ஸ், இரண்டு பாஸ்போர்ட் போட்டோ. போட்டோ எதற்கு என்று கேட்காதீர்கள். ஆபீஸுக்குப் போகிறவன் போட்டோ இல்லாமல் போவானா?

கவுன்டரில் இருந்த அம்மாள் என் பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதற்கு அனுமதியே தேவையில்லை என்றார். நான் நம்பவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். பை மாட்டினால் வண்டி கூடுதலாகச் சுமக்கும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், கதவில் ஒட்டியிருக்கிற சீட்டில் போட்டிருக்கிற எடைதான் எப்போதும் கணக்கு. பிறகு கேட்டார், “அப்படி என்ன ஏற்றப்போகிறீர்கள்?”

“என் மனைவியை,” என்றேன்.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கவுன்டருக்கும் போய்ச் சொன்னார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அனுமதி தேவையில்லை என்பதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீல்? பாவம், தேடிப் பிடித்து, தபால் பெற்றுக்கொண்டதற்கு வைக்கிற முத்திரை ஒன்றைக் குத்திக் கொடுத்தார். மச்சானிடம் சொன்னபோது, “காயிதம் இல்லாம வுட்டாங்களா? சும்மா சொல்லாத மாமா,” என்றான்.

4

இங்கே சனிக்கிழமை காலை எட்டு மணி என்றால் சிதம்பரத்தில் அன்று சாயங்காலம் ஏழரை. பட்டறையைச் சாத்துகிற நேரம். தனசேகர் கையில் டீயோடு வீடியோவில் வந்து உட்காருவான். நான் போனை ஒரு பெயின்ட் டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன்.

“முதல்ல முன்சக்கரத்துக்குக் கட்ட குடு மாமா. ஜாக்கிய நம்பி அடியில படுக்காத. ஸ்டாண்டு வெச்சியா?”

“வெச்சுட்டேன் மச்சான்.”

“ஆட்டிப் பாரு. எனக்கு ஒரே மாமாதான் கீறாரு.”

ஸ்டெப்னி வழியை மறைத்தது, அதைக் கழற்றி இறக்கினேன். சட்டத்தின் அடியில் அச்சு வந்து இடிக்காமலிருக்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும், அதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் பலூனின் மேல் தட்டை முடுக்க வேண்டும். பதினான்கு வருஷத்து உப்பும் பனியும் தின்ற போல்ட், அசைவேனா என்றது. எண்ணெய் விட்டு, சுத்தியால் தட்டி, தட்டிய வேகத்தில் என் கட்டை விரலையும் தட்டி, ஒரு சனிக்கிழமை அதோடு முடிந்தது.

இரண்டாவது வாரம் பலூனை உட்காரவைத்தேன். காற்றுக் குழாயை வலதுபக்கம் இழுத்துக் கட்டும்போது மச்சான் கத்தினான். “அய்யய்யோ, சைலன்சர் பக்கத்துல வுடாத மாமா! சூட்டுல உருகிப் பூடும். அந்தாண்ட சுத்திக் கொண்டா.” குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டப் போனேன். அதற்கும் ஒரு திட்டு. பிளேடால் நேராக வெட்டாவிட்டால் வாய் கோணிக் காற்று கசியுமாம். மூன்றாவது வாரம் நம்பர் பிளேட் பக்கத்தில் இரண்டு வால்வையும் முடுக்கி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.

“சூப்பரு மாமா. பட்டறைல சேந்துக்கறியா?”

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அந்த மூன்று வாரமும் நடுநடுவே எனக்கு மச்சான் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. அக்கா ஊருக்கு வர வேண்டும் என்று மாடிக்கு வெள்ளையடித்து வைத்தவன், அவளை இங்கேயே இருத்திவைக்கிற வேலைக்கு இவ்வளவு அக்கறையாக வழி சொல்கிறானே, எங்காவது கவிழ்த்துவிடுவானோ என்று. எனக்கு அப்படியும் ஒரு புத்தி.

5

ஓட்டிப்பார்க்க நான் தனியாகத்தான் போனேன். புத்தகத்தில் ஐந்து பவுண்டு காற்று போதும் என்று இருந்தது. ஐந்தெல்லாம் ஒரு காற்றா? சைக்கிள் டியூபுக்கே பத்தாது. நாற்பது அடித்தேன். ஜல்லி ரோட்டில் ஏறினேன்.

ஐயோ. முன்பு குலுக்கிய வண்டி இப்போது உதைத்தது. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்பக்கம் துள்ளி என் தலை கூரையில் இடித்தது. பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்தேன். காற்றைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். ஐந்துக்கு வந்தபோது வண்டி பலூன் மாட்டுவதற்கு முன்பு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. அவ்வளவுதான். மூன்று சனிக்கிழமையும் ஒரு கட்டை விரலும் கொடுத்து, பழைய வண்டியையே திரும்ப வாங்கியிருக்கிறேன்.

மறுபடி நாற்பது அடித்து நிறுத்திவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். வண்டியைப் பக்கவாட்டில் காட்டினேன்.

“லோடு இல்லாத வண்டி மாமா அது. பஸ்ஸுல அம்பது பேரு உக்காந்து அமுக்குறான், பலூன் மெத்துனு போவுது. உன் வண்டில யாரு கீறா? நானாவது மொதல்லயே கேட்டுருக்கணும். நீ ஏதோ மூட்ட ஏத்தப் போறேன்னு நெனச்சுட்டேன்.” அப்புறம் போனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான். “மாமா, பின்னாடி நல்லா தூக்கிடுச்சே. மின்னியே ஒசரமான வண்டி. அக்கா எப்பிடி ஏறும் இதுல?”

“படி மாதிரி ஒரு கம்பி இருக்குல்ல. அதுல ஒரு கால வெப்பா. நான் பின்னாடி நின்னு தூக்கி விட்டுடுவேன்,” என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

தனசேகர் டீயைக் கீழே வைத்தான்.

“இடுப்புல ஆபரேசன் பண்ண பொம்பள, முட்டி ஒசரத்துக்குக் காலத் தூக்குதா? எங்க வலிக்குதுன்னு அக்காவக் கேட்டியா மாமா?”

நான் திரும்பி அந்தப் படிக்கம்பியைப் பார்த்தேன். அவனே சொன்னான். “அக்கா இங்க வந்தா எனக்கு சந்தோசம்தான். ஆனா வலி தாங்காம வர வேணாம் மாமா. ஆசப்பட்டு வரட்டும்.”

அவனைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

6

கை கழுவாமல் உள்ளே போனேன். செல்வி வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள்.

“செல்வி, உனக்கு எங்க வலிக்குது?”

“இப்பவா? இப்ப ஒண்ணுமில்ல.”

“வண்டியில.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்ப எதுக்கு? அதான் பலூன் மாட்டிட்டீங்களே.”

“சொல்லு செல்வி.”

“ஓடும்போது கண்ண மூடிக்குவேன். அது பொறுத்துக்கலாம். ஏறுறதுதாங்க. அந்தக் கம்பி மேல கால வெக்கும்போதே உசுரு போவும். அப்புறம் நீங்க பின்னாடி நின்னு தள்ளுவீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல அத்தினி பேரு பாக்குற எடத்துல, அரிசி மூட்டைய லாரில ஏத்துற மாதிரி. எறங்குறப்ப கக்கத்துல கை குடுத்து எறக்குவீங்க. அந்த அசிங்கத்துக்கு வலியே தேவல.”

“சொல்லக் கூடாதா?”

“கார் வாங்கலாம்னு மூணு வருசமா சொல்றேன். பனியில மாட்டிக்கும்பீங்க. பக்கத்து வீட்டு டீச்சரம்மா இத்தினி வருசமா கார்லதான் போறாங்க. எங்க மாட்டிக்கிட்டாங்க?” வெந்நீர்ப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “அத வுடுங்க. பிசியோ பொண்ணு என்கிட்டதான கேட்டுது, வலி பத்துக்கு எத்தினின்னு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்க நாலுன்னீங்க. ஒவ்வொரு வாட்டியும் நாலுன்னீங்க. அந்தப் பொண்ணும் எழுதிக்குச்சு.”

“எத்தினி?”

“எட்டு.”

நான் சோபா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும். கொஞ்சம் யோசித்துப் பேசுவாள், அவ்வளவுதான். அந்த யோசிக்கிற நேரம்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அந்த வண்டி மேல் எனக்கிருந்த பைத்தியத்தையும் சொல்லிவிடுகிறேன். செம்மண்டலத்தில் நான் வைத்திருந்தது ஒரு பழைய மொபெட். இந்த நாட்டுக்கு வந்து முதலில் வாங்கிய பெரிய பொருள் இந்தப் பிக்கப். அதன் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று எடுத்த போட்டோவைச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். அதை விற்றால் நான் திரும்பவும் மொபெட்காரனாக ஆகிவிடுவேன் என்று ஒரு பயம். பனி என்பதெல்லாம் சாக்கு.

செல்வி அன்றைக்கு நிறையப் பேசினாள். இடுப்பைப் பற்றி மட்டுமில்லை. நான் வேலைக்குப் போனபிறகு ஒருநாள் பூராவும் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருப்பதைச் சொன்னாள். கார்த்திக் போன் பண்ணினால் முதலில் நான் வாங்கிச் சண்டை போட்டு வைத்துவிடுவதைச் சொன்னாள். குறுக்கே பேச எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பேசவில்லை. நடுவில் எழுந்து போய்க் கையை மட்டும் கழுவிவிட்டு வந்தேன்.

7

பிக்கப்பை ஒரு விவசாயி வந்து வாங்கிக்கொண்டார். அவர் குதிரை டிரெய்லர் இழுக்கிறவர். கீழே குனிந்து பலூன்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, யார் மாட்டியது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடிபட்ட விரல் அதே கையில் இருந்தது.

அந்த வாரமே ஒரு பழைய கார் வாங்கினேன். தாழ்வான கார். நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். ஆனால் அது வந்த மறுநாள் செல்விக்குப் பயணம், அவள் அதில் உட்கார்ந்துகூடப் பார்க்கவில்லை. டிக்கெட் அவள் கேட்டபடியேதான் போட்டிருந்தேன், போவதற்கு மட்டும். விமான நிலையத்துக்குக் கார்த்திக்கே லீவு போட்டு வந்து அவன் காரில் கூட்டிக்கொண்டு போனான். நான் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொண்டே வந்தார்கள். அவன் பாதி இங்கிலீஷில் கேட்டான், அவள் தமிழில் சொன்னாள். அவன் பிறந்தது சிதம்பரத்தில், எந்த ஆஸ்பத்திரி, அன்றைக்கு என்ன மழை என்பதெல்லாம் சொன்னாள்.

திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ‘ம்’ என்று சொல்லிவிடுவாள், அது எனக்காகச் சொன்னதாகிவிடும்.

இப்போது அவள் மாடி அறையில் இருக்கிறாள். தரிசனம் பார்த்துவிட்டாள். கூட்டத்தில் தனசேகர் முன்னால் போய் வழிவிடச் சொல்ல, இவள் பின்னால் மெல்ல நடந்திருக்கிறாள். வடலூருக்கும் ஒருநாள் போய்விட்டு வந்தாள். இங்கே விடிவதற்கு முன்னாலேயே கூப்பிடுவேன், அங்கே விளக்கு வைக்கிற நேரம். முன்பெல்லாம் கிடங்கில் நடந்ததை நான்தான் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருப்பேன். இப்போது ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன். சில நாள் ஐந்து நிமிஷம் ஒன்றும் சொல்ல மாட்டாள். மிக்ஸி ஓடுகிற சத்தம், தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும். அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நேற்று அவளாகவே ஆரம்பித்தாள்.

“காரு எப்பிடி இருக்கு?”

“நல்லா போவுது. பனியில மாட்டிக்கல.”

சிரித்தாள். பின்னால் மிக்ஸி ஓடி நின்றது.

“ஏங்க, உங்க பக்கத்து சீட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளி வெக்கிறீங்களா? கால நீட்டிக்கிட்டாதான் இடுப்பு கேக்கும்.”

செருப்புகூடப் போடாமல் கராஜுக்கு ஓடினேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே கார் கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியை இழுத்துத் தள்ளினேன். கடக்கென்று ஒரு பல் நகர்ந்தது. இன்னொரு பல்.

“தள்ளிட்டேன் செல்வி. இது போதுமா, இன்னும் தள்ளணுமா?”

“எனக்கெப்பிடித் தெரியும்?” என்றாள். “நான் வந்து உக்காந்து பாத்துட்டுச் சொல்றேன்.”